3,412 பிரச்சினைகள் என்று காட்டினால்

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பருக்கு வணக்கம். கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருள் 3,412 பிரச்சினைகள் என்று சிவப்பில் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள்.

அதில் பெரும்பகுதி தற்காலிக இணையக் கோப்புகளாகத்தான் இருக்கும். பட்டா, சிட்டா எடுக்க ஒரே தளத்தைத் தினமும் திறக்கிறீர்கள் அல்லவா? அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக அதன் படங்களையும் எழுத்துருக்களையும் பிரவுசர் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கோப்பையும் ஒரு பிரச்சினை என்று எண்ணினால் ஆயிரக்கணக்கில்தான் வரும். அது வைரஸ் இல்லை. அழித்தாலும் நாளைக்கே மறுபடி சேரும்.

இடம் வேண்டுமென்றால் குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கேச் (அந்தப் பிரதிகள்தான்) மட்டும் டிக் செய்து அழியுங்கள். நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் குக்கீயையும் அழித்தால் பெரும்பாலான தளங்களில் திரும்ப லாகின் செய்ய வேண்டிவரும்.

அப்புறம், விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் வழியாக அழித்தால் கவனம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். கிருஷ்ணகிரியில் என் கடையில் அதைத் தெரியாமல் டிக் செய்து, வாடிக்கையாளர்களின் சான்றிதழ் பிடிஎஃப் அத்தனையும் போய்விட்டது.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) பிழை என்று காட்டுவதைத் தொடவே வேண்டாம். அந்த வகை கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.