புன்டா கானாவிலிருந்து சமனாவுக்கு ஒரே நாளில் போய்வரலாமா?

கேள்வி: பிப்ரவரி கடைசியில் குடும்பத்தோடு டொமினிகன் குடியரசுக்குப் போகிறோம். புன்டா கானாவில் ஏழு நாளுக்கு அறை எடுத்தாயிற்று. சமனா மாகாணத்தில் திமிங்கிலம் பார்க்கலாம் என்கிறார்கள். ஹோட்டலில் விற்கும் ஒருநாள் சுற்றுலா போதுமா, அங்கே தங்க வேண்டுமா? கூட வரும் அம்மாவுக்கு வயது 66, சைவம்.
- வாசகி, டொராண்டோ

பதில்: ஒருநாள் சுற்றுலாவை விட்டுவிடுங்கள். புன்டா கானா அறை இரண்டு இரவு சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, சமனாவில் தங்குங்கள்.

வரைபடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். தீவின் வடகிழக்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மலைத்தொடர்தான் சமனா. யூனா ஆற்றுச் சதுப்புநிலம்தான் அதைத் தீவோடு ஒட்டவைத்திருக்கிறது. பழைய வரைபடங்கள் சில அதைத் தனித்தீவாகவே காட்டின. புன்டா கானா இருப்பது தீவின் கிழக்குக் கோடியில். இரண்டுக்கும் இடையே சமனா விரிகுடா. ஒருநாள் சுற்றுலா என்றால் விடியுமுன் பேருந்து ஏறி, விரிகுடாவின் தென்கரையில் படகு பிடித்து, திமிங்கிலத்தைத் தேடிவிட்டு, கயோ லெவாந்தாதோ என்ற குட்டித்தீவில் அவசரமாகச் சாப்பிட்டு, மறுபடி பேருந்து. அம்மாவுக்கு இது தண்டனை.

நீங்கள் போகும் காலம் நல்ல காலம்தான். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இணைசேரவும் குட்டி போடவும் இங்கே வருகின்றன. கோடையில் அவை மேய்வது உங்கள் நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து, ஐஸ்லாந்துப் பக்கம். விரிகுடாவில் திமிங்கிலத்தோடு நீந்த அனுமதியில்லை. ஒரு திமிங்கிலத்தை ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் சூழவும் கூடாது. "கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டுகிறேன்" என்று ஆசைகாட்டும் படகில் ஏறாதீர்கள். விரிகுடாவின் வாயில் அலை இருக்கும். பெரிய படகாகப் பார்த்து, காலைப் பயணமாக எடுத்து, அம்மாவைப் பின்பக்கம் உட்கார வையுங்கள்.

தங்க எங்கே? வடகரையில் லாஸ் தெர்ரேனாஸ். 1970களிலிருந்து பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் குடியேறிய ஊர். கடற்கரையும் சாப்பாடும் நன்றாக இருக்கும். ஆனால் திமிங்கிலப் படகுகள் பெரும்பாலும் மலைக்குத் தென்பக்கம், மாகாணத் தலைநகரான சாந்தா பார்பரா தெ சமனாவில்தான் புறப்படும். அம்மாவை நினைத்தால் மாகாணத் தலைநகர்தான் சரி.

அழகான ஊர் என்று சொல்லமாட்டேன். 1970களில் அப்போதைய அதிபர் பலாகேரின் அரசு பழைய மரவீடுகளை இடித்துக் கான்கிரீட்டில் எழுப்பியது. சுற்றுலாவுக்காகக் கட்டிய நீண்ட நடைபாலம் எதிரிலிருக்கும் குட்டித்தீவில் போய் முடிகிறது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. (நடக்க மட்டும் நன்றாக இருக்கும்.) இடிபாட்டுக்குத் தப்பியது லா சர்ச்சா என்ற மெதடிஸ்ட் தேவாலயம். இந்தத் தீவு முழுவதும் ஹைட்டியின் ஆட்சியில் இருந்தபோது, அதன் அதிபர் புவாயேயின் அழைப்பில் 1824 முதல் பிலடெல்ஃபியா, நியூயார்க் பக்கத்திலிருந்து சுதந்திரக் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தார்கள். சமனாவில் தங்கியவர்களின் வழிவந்தோர் ஆங்கிலத்தையும் புராட்டஸ்டன்ட் வழிபாட்டையும் தலைமுறைகளாகக் காத்தார்கள். ஸ்பானிஷ் பேசும் கத்தோலிக்க நாட்டில் அது நடந்ததற்குக் காரணம் போக்குவரத்தில்லாத இந்த நிலம்தான் என்று நினைக்கிறேன்.

ஆழமான இந்த விரிகுடாவில் கடற்படைத் தளம் போட அமெரிக்காவுக்கும் ஆசை இருந்தது. அதிபர் கிராண்ட் இந்த நாட்டையே இணைத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார். 1870இல் செனட் அதை ஏற்கவில்லை. பிறகு இதே மாகாணத்தின் சாஞ்செஸ் ஊருக்கு ரயில் வந்து, உள்நாட்டுக் கோக்கோ அதன் துறைமுகம் வழியே ஏற்றுமதியானது. ரயில் நின்றுபோனதும் ஊர் அடங்கிவிட்டது. மாகாணத்துக்குத் தென்னையும் மீனும் மிஞ்சின. 2006இல் எல் கதே விமான நிலையம், 2008இல் நாட்டின் தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து நெடுஞ்சாலை. அதன்பிறகுதான் சுற்றுலா பெருகியது. திமிங்கில வருமானம் மூன்று மாதத்தோடு சரி.

தென்னை அதிகம் என்பதால் அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கவலை குறைவு. பச்சைத் துவரையைத் தேங்காய்ப்பாலில் அரிசியோடு வேகவைக்கும் 'மோரோ தெ குவாந்துலேஸ் கோன் கோகோ' இந்த ஊர்ச் சிறப்பு. நம் துவரைதான், இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கா வழியாகக் கடல் தாண்டிய பயிர். இறைச்சித் துண்டு போடாமல் செய்தார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

புன்டா கானாவிலிருந்து ஓட்டுநரோடு வாடகைக் கார் பிடித்து, விரிகுடாவின் தென்கரையிலுள்ள சபானா தெ லா மார் போங்கள். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணிகள் படகு, கார் ஏறாது. திரும்பும்போது அதே கரையில் லோஸ் ஐத்தீசெஸ் தேசியப் பூங்காவைப் பாருங்கள்: அலையாத்திக் காடு, சுண்ணாம்புக் குன்றுகள், தீவின் பழங்குடிகளான தைனோ மக்கள் வரைந்த குகை ஓவியங்கள். கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள். ஆகவே சமனா நாட்களை வாரத்தின் நடுவில் வையுங்கள், கனடா விமானத்துக்கு முந்தின நாளில் வேண்டாம்.