ஓஎல்இடி திரையில் கறுப்பு மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது?
ஓஎல்இடி போனில் கறுப்பு அசல் கறுப்பாகத் தெரிகிறது, எல்சிடியில் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் உள்ள திரவப் படிகம் அதை மறைக்கப் பார்க்கும், ஆனால் முழுசாக மறைக்காது. ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு என்றால் அணைந்தேவிடும். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, இரண்டு போனிலும் கறுப்புப் படம் வைத்துப் பார்த்தேன்: எல்சிடி மங்கலான ஜன்னல் மாதிரித் தெரிந்தது, மற்றது இருட்டோடு இருட்டாகிவிட்டது.

சரி, புள்ளி எப்படி எரிகிறது? தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கார்பன் சேர்மப் படலங்கள். ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான், மறுபக்கமிருந்து துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம். நடுவில் இரண்டும் சேரும்போது ஆற்றல் ஒளியாக வெளிவரும். 1987-இல் கோடாக் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர்கள் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 10 வோல்ட்டுக்கும் குறைவாகவே இதை எரியவைத்துக் காட்டினார்கள்.

நீலம்தான் தலைவலி. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம், அது மூலக்கூறுகளையே உடைப்பதால் நீலப் புள்ளி சீக்கிரம் மங்கும். ஒரே படம் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளிகள் மட்டும் அதிகம் தேய்ந்து, அதன் தடம் திரையில் தங்கிவிடும். நாள் முழுக்க ஒரே செய்தி சேனலின் லோகோ நிற்கும் பேக்கரிக்கு டிவி வாங்குவதானால் எல்சிடியே வாங்குங்கள்.