நகரத்தில் பணம் பெருகினால் மாசு கூடுமா, குறையுமா?

பொருளாதாரக்காரர் இதற்கு ஒரு வளைகோடு வைத்திருக்கிறார்கள். வருமானம் ஏறும்போது முதலில் மாசும் ஏறும், ஒரு மட்டம் தாண்டியதும் இறங்கும். 1991இல் கிராஸ்மன், க்ரூகர் என்ற இருவர் பல நாட்டு நகரங்களின் காற்றையும் வருமானத்தையும் ஒப்பிட்டு எழுதியபின் இது பரவியது. லண்டனையும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அங்கே 1952 டிசம்பர்ப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தபிறகு, 1956இல் சட்டம் போட்டுத்தான் நிலக்கரிப் புகையைக் குறைத்தார்கள். பணம் வந்ததால் அது தானாக அடங்கிவிடவில்லை.

நான் யாழ்ப்பாணம். வறுமையில் ஊர் சுத்தமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில் போரால் பெற்றோல் தடை. கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அந்தப் புகை இரவு வரை உடுப்பில் மணக்கும். ஆனால் அன்று கிணற்றுத் தண்ணீரைப் பயமில்லாமல் குடித்தோம்.

கொக்குவிலில் எங்கள் வளவு எட்டுப் பரப்பு. கிணறு முன்னால், மலகூடம் கோடியில். பிறகு சீதனம், பங்கு என்று பிரிந்து இன்று ஆளுக்கு இரண்டு பரப்பு. இரண்டு பரப்பு என்றால் ஏறக்குறைய 60 அடிக்கு 90 அடி. மலகூடக் குழியைச் சொந்தக் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டினால் அடுத்த வீட்டுக் கிணறு கிட்ட வந்துவிடும். பக்கத்து வீட்டு அண்ணா நல்ல மனிதர். கனடாவில் இருந்து மகன் அனுப்பிய காசில் மாடி எழுப்பினார், அறைக்கு ஒரு ரொயிலெற். குழி மதிலோரம். மதிலுக்கு இந்தப் பக்கம் பதினைந்து அடியில் எங்கள் கிணறு. எங்கள் குழியும் பின்வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். மலக்கிருமி இருந்தது. மலக்கழிவிலும் உரத்திலும் இருந்து வரும் நைத்திரேற்றும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து அம்மா அந்தத் தண்ணீரை வாயில் வைப்பதில்லை.

எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மழை விறுவிறென்று இறங்கும், குழிக் கழிவும் அப்படியே இறங்கும். வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் கிடையாது. உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீரைத்தான் எல்லாரும் அள்ளுகிறோம். தோட்டத்து யூரியாவும் அதில்தான் சேர்கிறது.

அதனால் என் பதில் இது: வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் செலவாகும் பணம் மாசைக் கூட்டும், ஊர் சேர்ந்து செலவழிக்கும் பணம்தான் குறைக்கும். எங்களுக்கு வந்தது முதல் வகைப் பணம். மாடி, கார், ஏசி எல்லாம் வந்தன, நகரம் முழுக்க ஓடும் கழிவுநீர்க் குழாய் மட்டும் வரவில்லை. குப்பை கல்லுண்டாய்வெளியில் குவிகிறது, அது எரியும்போது புகை அயல் ஊர்களுக்குப் போகிறது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அது உள்ளே வரும் தண்ணீருக்கு. வெளியே போகும் தண்ணீர் இன்னும் குழிக்குள்தான்.

குழாய் வரும்வரை, புதிதாக வீடு கட்டுகிறவர்கள் குழியின் அடியையும் சீமெந்து போட்டு மூடுங்கள். நிரம்பினால் கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டியைக் கூப்பிடுங்கள். "இருபது வருடமாக எங்கள் குழி நிரம்பவே இல்லை" என்று இங்கே பலர் பெருமையாகச் சொல்வார்கள். அத்தனையும் கிணறுகளுக்குப் போயிருக்கிறது.