ஜப்பான்காரனைத் திட்ட முதல் எங்கட வலையையும் பார்ப்பம்: ஓங்கில் கேள்வி பதில்

டொல்பின்களை வெட்டி ஜப்பானின் தாய்ஜிக் குடா இரத்தத்தால் சிவந்து கிடக்கிற வீடியோ போன மாதம் முல்லைத்தீவில் இருந்து நாச்சிக்குடா வரை எல்லாருடைய போனிலும் ஓடியது. கண்டவர் எல்லாம் என்னைக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். நான் விலங்கியல் படித்து, கடற்றொழில் விரிவாக்க வேலையில் தலை நரைத்தவன். தம்பி இன்னும் கடலுக்குப் போகிறான். டொல்பின் என்று படித்தாலும் வாயில் வருவது ஓங்கில்தான், அப்படியே எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பு, ஏ.எல். மாணவி: சேர், அந்தத் தண்ணி உண்மையாவே அப்பிடிச் சிவந்ததா, இல்லாட்டி கிராபிக்ஸா?

உண்மைதான் பிள்ளை. ஆனால் இப்போது தார்ப்பாய் கட்டி மறைத்துத்தான் வெட்டுகிறார்கள். தாய்ஜி, ஜப்பானின் வக்கயாமா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். செப்டெம்பரில் தொடங்கி மார்ச் வரை வேட்டை. படகுகள் வரிசையாகப் போய், இரும்புக் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி மேல்நுனியில் தட்டுவார்கள். ஓங்கில் காதால் பார்க்கிற பிராணி, அந்தச் சத்தம் அதற்கு ஒரு மதில் மாதிரி. மதிலுக்குப் பயந்து ஓடி ஓடிக் குடாவுக்குள் வந்து சேரும். வாயை வலையால் அடைத்துவிடுவார்கள். பிறகு ஓங்கில் வித்தை காட்டுகிற காட்சிச்சாலைகளின் பயிற்சியாளர்கள் இறங்கி இளசுகளைத் தெரிவார்கள், மிச்சத்தில் பெரும்பகுதி இறைச்சிக்கு. உயிரோடு விலைபோகும் ஒன்றுக்கு இறைச்சிக்குப் போவதைவிடப் பல மடங்கு காசு. அதனால் இதைச் சாப்பாட்டுச் சண்டை என்று மட்டும் எடுக்க வேண்டாம். 2015இல் உலகக் காட்சிச்சாலைச் சங்கம் நெருக்கிய பிறகு, ஜப்பானியச் சங்கம் தன் உறுப்பினர்கள் தாய்ஜி ஓங்கில் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அதற்குப் பிறகும் வேட்டை நடக்கிறது.

அளம்பில், தொழிலாளி: அண்ணை, மாடு வெட்டலாம், சூரை பிடிக்கலாம், ஓங்கில் மட்டும் கூடாதெண்டா என்ன ஞாயம்? வெள்ளைக்காரனுக்கு வடிவான மிருகமெண்டா எங்களுக்கும் பாவமோ?

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். கூட்டுக்குள் திரும்ப இடமில்லாமல் வளர்த்த பன்றியைத் தின்றுகொண்டே கடலில் சுதந்திரமாகத் திரிந்த பிராணிக்காக அழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓங்கில் வேட்டையாடுகிற வட அத்திலாந்திக்கின் பரோ தீவு மக்களும் இதையேதான் திருப்பிக் கேட்கிறார்கள். அழகு, சிரித்த முகம் எல்லாம் என்னிடம் வாதமே இல்லை. அந்தச் சிரிப்பு தாடையின் அமைப்பு. செத்துக் கிடக்கும்போதும் அது சிரித்தபடிதான் கிடக்கும்.

மற்றப் பாதிக்குக் கணக்குப் பார்ப்போம். சூடை ஆயிரக்கணக்கில் முட்டை போடும், ஒரு வருடம் அள்ளினாலும் அடுத்த பருவம் வரும். ஓங்கில் ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். பால் கொடுத்து வளர்த்து அடுத்த குட்டி காண இரண்டு மூன்று வருடம், சில இனங்களில் அதைவிடக் கூட. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், எங்களுக்கும் பொருந்தும். ஒரு கடலில் குறைந்தது ஆயிரம் ஓங்கில் நிற்கிறது என்று வையுங்கள். எல்லாம் நல்லாக இருந்தால் வருடத்துக்குக் கூடினது 4 வீதம் பெருகும், அது நாற்பது. அதில் பாதிக்குமேல் தொடக் கூடாது, இருபது. கூட்டம் ஏற்கெனவே நலிந்ததென்றாலோ நிலைமை தெளிவில்லை என்றாலோ அதிலும் பாதி, பத்து. அந்தப் பத்துக்குள்தான் வேட்டையில் சாவது, வலையில் சாவது, படகு அடித்துச் சாவது எல்லாம் அடங்க வேண்டும். சம்மாட்டி முதலைத் தொடாமல் வட்டியில் சீவிக்கிற கணக்கு இது. எங்கள் கடலில் அந்த ஆயிரத்தையே ஒருவரும் ஒழுங்காக எண்ணவில்லை. எண்ணாத முதலுக்கு வட்டி எப்படிப் பார்ப்பது?

இது புத்தகக் கதை என்றால் மேற்குக் கரைக்குப் போய் ஆவுளியாவை, அதுதான் கடற்பசுவை, விசாரியுங்கள். மன்னார்ப் பக்கம் ஒரு காலத்தில் சந்தையில் விலைபோன இறைச்சி. இன்று ஒன்றைக் கண்டால் செய்தி. அதுவும் ஒரு தடவைக்கு ஒரு குட்டி போடுகிறதுதான்.

மாங்குளம், ஆசிரியர்: அப்படியானால் கணக்குச் சரியாக வந்த வேட்டை உலகத்தில் எங்குமே இல்லையா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

இருக்கிறது, சேர். பரோ தீவுகளின் பைலட் திமிங்கில வேட்டையில் எண்ணிக்கை உதைக்கவில்லை. (பெயர் திமிங்கிலம், சாதி ஓங்கில்.) வருடத்துக்குச் சராசரியாக எண்ணூறு அளவில் கொல்கிறார்கள், வட அத்திலாந்திக்கில் அந்த இனம் இலட்சக்கணக்கில் நிற்கிறது. 1584 தொட்டுப் பதிவு இருக்கிறது. இறைச்சியை ஊருக்குள் பங்கிடுகிறார்கள். கொல்கிறவர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் வைத்து அவர்களைக் குற்றவாளியாக்க என்னால் முடியாது.

ஆனால் 2021 செப்டெம்பர் 12இல் அங்கே ஒரே நாளில் 1,428 வெள்ளைவரி ஓங்கில்களைக் கரையேற்றிக் கொன்றார்கள். கொல்ல ஆட்கள் போதவில்லை, பல நெடுநேரம் கரையில் துடித்துக் கிடந்தன. வேட்டையை ஆதரிக்கிற பரோக்காரரே அன்று முகம் சுழித்தார்கள். அடுத்த வருடம் அரசாங்கம் அந்த இனத்துக்கு 500 என்று எல்லை போட்டது. எண்ணிக்கை சரி என்பதால் கொலை சரியாகிவிடாது என்பது அந்த ஒரு நாளில் தெரிந்தது. எத்தனை என்பது ஒரு கேள்வி, எப்படி என்பது வேறு கேள்வி. வாதாடுகிறவர்கள் ஒன்றில் தோற்றால் மற்றதற்குத் தாவுவார்கள், கவனியுங்கள்.

அதே ஆசிரியர்: பாரம்பரியம் என்ற வாதம்?

ஊருக்கு ஊர் எடை வேறு. தாய்ஜியில் திமிங்கில வேட்டை 1606 தொட்டு நடக்கிறது, அது உண்மை. ஆனால் ஓங்கில்களைக் கூட்டமாகக் குடாவுக்குள் துரத்துகிற இன்றைய ஏற்பாடு 1969இல்தான் வந்தது. அதை நானூறு வருடப் பாரம்பரியம் என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

சொலமன் தீவுகளின் மலைட்டா என்னைத் திணற வைக்கிற இடம். அங்கே பனலேய் ஊரவர் மர வள்ளங்களில் போய், தண்ணீருக்குள் கல்லோடு கல்லை முட்டிச் சத்தம் எழுப்பி ஓங்கில்களைக் கரைக்குத் துரத்துவார்கள். இறைச்சி சாப்பாட்டுக்கு, பல் காசுக்கு. கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பல் மாலை கொடுக்க வேண்டும். (எங்கள் சீதனம் மறுபக்கமாக ஓடுகிறது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.) 2010இல் ஒரு வெளிநாட்டு அமைப்பு காசு தருவதாகச் சொல்லி வேட்டையை நிறுத்த வைத்தது. காசில் பிணக்கு வந்தது. 2013இன் முதல் மூன்று மாதத்தில் அந்த ஒரே ஊர் ஆயிரத்து அறுநூறுக்குமேல் கொன்றது. பல்லின் விலை பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஏறியிருந்தது. சடங்கு தேவைக்கு மட்டும் நடந்த வரை ஊருக்கே ஒரு அளவு இருந்தது. விலை ஏறியதும் அளவு போய்விட்டது. எங்கள் கடலட்டைக்கும் விலை ஏறி இதே கதிதான் வந்தது, எல்லாருக்கும் தெரியும்.

விசுவமடு, குடும்பப் பெண்: ஐயா, தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் அப்பா வலையில செத்த ஓங்கிலைக் கொண்டுவந்தவர். அம்மா கறி வைச்சவா. நாங்கள் சின்னப் பிள்ளையள், சாப்பிட்டனாங்கள். இப்ப அந்த வீடியோ பார்த்ததில இருந்து மனசு ஒரு மாதிரிக் கிடக்குது.

தங்கச்சி, நானும் சாப்பிட்டவன். மாட்டிறைச்சி போலக் கறுத்த கறி, மிளகாய் கூடப் போட்டால்தான் வாடை அடங்கும். மண்ணெண்ணெய்க்கு வரிசை, கடலுக்குப் போக அனுமதி இல்லை, பானைக்குள் ஒன்றும் இல்லை. அந்தக் கறிக்கு நீங்கள் ஒருவருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. உங்கள் அப்பா வேட்டைக்குப் போகவும் இல்லை.

முள்ளியவளை, பெயர் வேண்டாம் என்றவர்: சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதெண்டு சொல்லுறாங்கள்.

நல்லதில்லை. சின்ன மீனில் உள்ள பாதரசம் பெரிய மீனுக்கு, பெரிய மீனில் உள்ளது ஓங்கிலுக்கு என்று சேர்ந்துகொண்டே போகும். 2008இல் பரோ தீவுகளின் தலைமை மருத்துவர்களே பைலட் திமிங்கில இறைச்சியை இனிச் சாப்பிட வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார்கள். தாய்ஜி மக்களின் தலைமயிரைச் சோதித்தபோது பாதரசம் மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு இருந்தது, ஆனால் நோய் அறிகுறி காணவில்லை என்றும் அதே சோதனை சொன்னது. வயிற்றுப் பிள்ளைக்காரர் தொடவே கூடாது.

நாச்சிக்குடா, தொழிலாளி: வலையைக் கிழிச்சு மீனை எடுக்கிறது அதுதான். எங்கட வயித்தில அடிக்கிறதை நாங்கள் அடிச்சா என்ன?

கிழிந்த வலையின் விலை எனக்கும் தெரியும், தம்பி வந்து என்னிடம்தான் கத்துவான். ஜப்பானின் இக்கித் தீவு மீனவரும் இதையே சொல்லி 1970களின் கடைசியில் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். உங்கள் கடலில் மீன் குறைந்ததற்கு முதல் எதிரி ஓங்கிலா, இரவில் வந்து அடியோடு வழித்துக்கொண்டு போகிற இழுவை மடியா? நீங்களே சொல்லுங்கள். ஓங்கில் தினமும் தின்கிறதுதான், ஆனால் மீன் குஞ்சு வளர்கிற நிலத்தை அது உழுவதில்லை. சத்தம் போடும் கருவி கட்டினால் விலகும் என்பார்கள். சில இடங்களில் பலன், சில இடங்களில் அந்தச் சத்தமே 'சாப்பாடு தயார்' என்று கூப்பிடுகிற மணியாகிவிட்டது. வலையைப் போட்டுவிட்டு நெடுநேரம் தூங்காமல் கெதியாக வாங்குவதுதான் கைகண்ட வழி.

கிளிநொச்சி, பல்கலைக்கழக மாணவன்: உலகத்தில கூடுதலாக டொல்பின் கொல்லுறது எந்த நாடு?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரமும் காத்திருந்தேன். தாய்ஜியில் வருடத்துக்குச் சில நூறு. இந்து சமுத்திரத்தில் சூரைக்காக மிதக்க விடுகிற செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை செத்த சின்னத் திமிங்கில, ஓங்கில் இனங்கள் ஏறக்குறைய 41 இலட்சம் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அண்மைக் காலத்தில் வருடத்துக்கு எண்பதாயிரம் அளவு. ஓங்கில் கூட்டங்கள் 1980க்கு முந்தியதில் 13 வீதத்துக்கு வந்துவிட்டன என்றும் அதே ஆய்வு மதிப்பிட்டது. அந்த வலைகளை விடுகிறவர்கள் ஈரான், பாகிஸ்தான், இந்தியா, இந்தோனேசியா, ஓமான், நாங்கள். இலங்கையும் பட்டியலில் மேலேதான் நிற்கிறது. எங்கள் நாட்டுக் கரைகளில் ஓங்கிலை ஈட்டியால் குத்திச் சுறாத் தூண்டிலுக்கு இரையாக்கிய காலமும் இருந்தது.

ஒருவரும் கொல்ல நினைக்கவில்லை என்பது உண்மை. நினைக்காமல் எண்பதாயிரம் சாவது நினைத்துச் சில நூறு சாவதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குடாவில் செத்தால் வீடியோ வரும். நடுக்கடலில் இரவு வலையில் மூச்சு முட்டிச் செத்ததை, விடியற்காலை வெட்டி எறிந்துவிட்டு வருவார்கள், கரையில் வாய் திறக்கமாட்டார்கள்.

வழி இல்லாமலும் இல்லை. பாகிஸ்தானில் செவுள் வலையைத் தண்ணீர் மட்டத்தில் இருந்து இரண்டு மீற்றர் கீழே இறக்கிப் பார்த்தார்கள். ஓங்கில் சிக்குவது முக்கால்வாசிக்குமேல் குறைந்தது, சூரை பெரிதாகக் குறையவில்லை. மிதப்புக் கயிற்றை நீட்டுகிற வேலைதான். இங்கே சங்கம் ஒன்று ஐந்து படகில் செய்து பார்த்தால் நானும் கூட வருவேன், தம்பியின் வலையும் வரும்.

நாயாறு, வாடியில் இருந்து: உயிரோட சிக்கினா என்ன செய்யிறது? பொலிசுக்குச் சொன்னா எங்களையே பிடிப்பாங்களோ எண்டு பயம்.

முதலில் மூச்சுத் துவாரம் தண்ணீருக்கு மேலே நிற்கப் பிடியுங்கள், தலைக்கு மேலே ஒரு துளை, அதுதான். வாலில் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், முதுகெலும்பு போய்விடும். வலையை அறுங்கள், வலை நட்டம் உங்களுக்கு, அதை மறுக்கவில்லை. சட்டப்படி ஓங்கில் பாதுகாக்கப்பட்ட இனம். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டமும் இருக்கின்றன. கரைக்குக் கொண்டுவந்து வெட்டினால், விற்றால் வழக்கு. கடலிலேயே விட்டால் அந்த வில்லங்கத்துக்கு இடமே இல்லை. கரையொதுங்கினால் கடற்படைக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்குமேல் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது கடற்படையும் ஊர்ப் பெடியளும் இரவிரவாகத் தள்ளி, பெரும்பாலானவற்றைத் திரும்பக் கடலுக்கு அனுப்பினார்கள்.

வற்றாப்பளை, ஆறாம் வகுப்பு: டொல்பினுக்கு அழத் தெரியுமா?

கண்ணீர் விட்டு அழாது, செல்லம். ஆனால் செத்த குட்டியைத் தாய் மூக்கால் தாங்கித் தாங்கி நாள்கணக்காகக் கொண்டு திரிவதைப் பல கடல்களில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

வவுனியா, வேன் ஓட்டுநர்: கற்பிட்டிக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறனான். அதுவும் பிழையோ?

பிழையில்லை. ஆனால் பத்துப் படகு சுற்றி வளைத்தால் தாய்ஜிக்காரனின் குழாய்ச் சத்தத்துக்கும் உங்கள் எஞ்சின் சத்தத்துக்கும் ஓங்கில் வித்தியாசம் காணாது. எஞ்சினை மெதுவாக்கிக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அதுவாக வரும்.

செம்மலை, வயதான தொழிலாளி: ஓங்கில் துள்ளுற இடத்தில சூரை நிக்குமெண்டு நாங்கள் ஓடுறனாங்கள். படிச்சவை என்ன சொல்லினம்?

நீங்கள் சொல்வது சரி ஐயா. பெரிய மஞ்சள் சூரை ஓங்கிலோடு கூடித் திரியும், மேலே பறவை வட்டமிடும். கிழக்குப் பசிபிக்கில் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஓங்கில் கூட்டத்தையே சுற்றிச் சுருக்கு வலை போட்டார்கள்; அறுபது இலட்சம் ஓங்கில் அப்படிச் செத்த பிறகுதான் முறையை மாற்றினார்கள். நீங்கள் ஓடுங்கள். போய்ச் சேர்ந்ததும் வலையைப் போடாமல் கைத்தூண்டிலைப் போடுங்கள். ஓங்கில் தூண்டிலில் கொழுவுவது அரிது, சூரை கொழுவும்.