போர்டு அவுட் ஆகி ஊர் திரும்புகிறவர்களுக்கும் வீட்டாருக்கும்: பட்டாளத்து எழுத்தர் ஒருவரின் பதில்கள்

கால் நூற்றாண்டு பட்டாளத்தில் எழுத்தராக இருந்து, அதில் ஒன்பது ஆண்டுகளை வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் பென்ஷன் கோப்புகளோடு கழித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன் நான். உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்படுகிறவர்கள், நம் பக்கத்துப் பேச்சில் 'போர்டு அவுட்' ஆகிறவர்கள், கேட்பவற்றுக்கும் அவர்கள் வீட்டார் கேட்பவற்றுக்கும் மட்டும் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன்.

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு சகோதரி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் நாயக்காக இருக்கிறார்; பணியில் சேர்ந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முறை வலிப்பு வந்ததால் மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம். பிள்ளைகள் இருவர். எங்களுக்கு என்ன கிடைக்கும்?

தங்கச்சி, போர்டு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது. நோய் பணியால் வந்ததா, அல்லது பணியால் கூடியதா என்பது முதலாவது. குறைபாடு எத்தனை விழுக்காடு என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, விழுக்காடும் 20 அல்லது அதற்கு மேல் இருந்தால், கடைசி ஊதியத்தில் பாதி சேவைப் பங்காகக் கிடைக்கும். இதற்கு இத்தனை ஆண்டு பணி என்ற நிபந்தனை கிடையாது. அதற்கு மேல் ஊனப் பங்கு என்று ஒன்று உண்டு. நூறு விழுக்காட்டுக்கு அது ஊதியத்தில் 30 விழுக்காடு. குறைவான ஊனத்துக்கு அந்த விகிதத்தில் குறையும். ஆனால் போர்டு அவுட் ஆகிறவருக்கு 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேல் உள்ளதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் வழக்கம் 1996 ஜனவரி முதல் இருக்கிறது. கணக்கில் எடுக்கும் ஊதியம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சேவைப் பங்கு 25,000, 20 விழுக்காட்டு ஊனத்தை 50 ஆக உயர்த்தியபின் ஊனப் பங்கு 7,500, இரண்டுக்கும் மேல் அகவிலைப்படி என்று ஆகும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு முதல் கேள்வியில் 'இல்லை' என்று எழுதியிருப்பதால் ஊனப் பங்கு வராது. ஆனால் பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் இன்வாலிட் பென்ஷன், அதாவது உடல்நிலையால் பணியில் தொடர முடியாதவருக்கான பென்ஷன், உண்டு. மாதாமாதம் அடுப்பு எரியும். (பத்து ஆண்டு முடியாதவர்களுக்கு முன்பெல்லாம் ஒரே தடவையாகப் பணிக்கொடை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 2019 ஜனவரி 4 அன்றோ அதன் பின்னரோ பணியில் இருந்து, படைவேலைக்கும் வெளிவேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியிழந்தவர்களுக்கு இந்தப் பென்ஷனை நீட்டித்து 2020-இல் ஆணை வந்தது.)

வலிப்பு என்றதும் தரம்வீர் சிங் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிக்னல் பிரிவில் 1985-இல் சேர்ந்த சிப்பாய் அவர். 1994-இல் இதே வலிப்புக்காக 20 விழுக்காடு என்று எழுதி, பணியோடு தொடர்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சேரும்போது உடலில் இந்தக் குறை இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லாதபோது, பின்னால் வந்த நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று சொல்லும் போர்டு காரணத்தை எழுத வேண்டும் என்று 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு 19 ஆண்டுகள் ஆயின. அந்தத் தீர்ப்பு 1982-ஆம் ஆண்டு விதிகளை வைத்து எழுதப்பட்டது. 2008-இலும் 2023-இலும் விதிகள் மாறியிருப்பதால், கை நீட்டினால் பணம் என்று எண்ணிவிட வேண்டாம். இருந்தாலும் போர்டு காரணம் எழுதியிருக்கிறதா, வெறும் 'தொடர்பில்லை' என்ற ஒற்றை வரியோடு விட்டுவிட்டதா என்று பாருங்கள். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது உண்டு. அதன் பின் சென்னையில் உள்ள படைத் தீர்ப்பாயம்.

கடைசியாக ஒன்று. போர்டு நடவடிக்கைகளின் நகலைக் கையில் வாங்காமல் அவர் யூனிட்டை விட்டு ரயிலேறக் கூடாது.

ராதாபுரத்திலிருந்து ஒரு தந்தை: மகன் விடுப்பில் வந்திருந்தபோது பைக்கில் விழுந்து முழங்கால் போயிற்று. அவன் பட்டாளத்தான்தானே, பென்ஷன் கிடைக்காதா?

அவர் எங்கே போய்க்கொண்டிருந்தபோது விழுந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பதிலே அதில்தான் இருக்கிறது. விடுப்பு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பும் பயணம், அல்லது யூனிட்டிலிருந்து ஊருக்கு வரும் பயணம் என்றால் அது பணியாகவே கருதப்படும். திசையன்விளைச் சந்தைக்குப் போய்வந்தபோது என்றால் பணியோடு தொடர்பு காட்டுவது மிகக் கடினம். எதுவானாலும் காவல் நிலையத்துப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, யூனிட்டுக்குத் தகவல் கொடுத்த நாள் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். காய அறிக்கை எழுதும்போது இவைதாம் பேசும்.

அம்பாசமுத்திரத்துக்காரர், தற்போது வடக்கே பணியில்: முதுகுத் தண்டில் கோளாறு, கீழ் மருத்துவக் கேட்டகரியில் (முழு உடல்தகுதி இல்லாதவர் வகையில்) இருக்கிறேன். இலகுவான வேலையில் தொடர விருப்பமில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டுவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

போடாதீர்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, அதன் விளைவு என்ன என்று வரிவரியாகத் தெரிந்துகொள்ளாமல் போடவே போடாதீர்கள். போர்டு உங்களை அனுப்புவது வேறு. நீங்களாகக் கேட்டுக்கொண்டு வெளியேறுவது வேறு. ஊருக்கு வரும் அவசரத்தில் போட்ட ஒரு கையெழுத்தால், 'அவராகவே விரும்பிப் போனார்' என்று கோப்பு கடைசிவரை பேசிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உரிய இன்வாலிடிங் போர்டு (உடல்நிலை காரணமாக அனுப்புவதை முடிவு செய்யும் மருத்துவக் குழு) வைக்காமல் கீழ்க் கேட்டகரிக்காரரை அனுப்பியது செல்லாது என்று 2008-இல் ராஜ்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மனைவியிடம் தொலைபேசியில் அந்தத் தாளை முழுவதும் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வரி உங்களுக்கும் புரியாத வரிதான்.

வள்ளியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார்: குண்டு பட்டவனுக்கும் கால் போனவனுக்கும் கொடுக்க வேண்டியதை, இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் வந்தவர்கள் ஊனம் என்று சொல்லி வாங்குகிறார்கள். நீங்களும் வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள். இது சீருடைக்கு மானக்கேடு.

கோபம் புரிகிறது, அது முழுக்கப் பொய்யும் இல்லை. 2023-இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஆண்டுதோறும் ஓய்வுபெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 விழுக்காட்டினருக்கு ஊனப் பென்ஷன் அனுமதிக்கப்பட்டதாகவும், மற்ற படிநிலைகளில் அது 15 முதல் 18 விழுக்காடே என்றும் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் விதிகளும் இறுக்கப்பட்டன. ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விதி தெரிந்தவர் வாங்கினார், தெரியாத சிப்பாய் வெறுங்கையோடு வந்தார் என்றும் அதைப் படிக்கலாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து, கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்தவர்: வள்ளியூர் அண்ணாச்சி எனக்காகப் பேசுவதாக நினைக்கிறார். நான் அவரை வக்காலத்துக்கு அழைக்கவில்லை. என் கால் போனதை ஊரே பார்க்கிறது. பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். என்னோடு பனியில் நின்றவனுக்கு இதயம் கெட்டது. அவனை எவரும் பார்ப்பதில்லை.

வள்ளியூர் ஹவில்தார்: பனியில் நின்றவனைச் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்தவனைச் சொன்னேன்.

மேசையில் உட்கார்ந்தவன் என்பது என்னைத்தான் என்றால், நான் ஊனப் பென்ஷன் வாங்கவில்லை. சர்க்கரை மட்டும் இருக்கிறது. விசயத்துக்கு வருவோம். நோயின் பெயரை வைத்து யோக்கியனையும் ஏமாற்றுக்காரனையும் பிரிக்க முடியாது. எந்த இடத்தில், எந்த வேலையில், எத்தனை மாதம் இருந்தபோது அது வந்தது என்று பார்ப்பதற்குத்தான் போர்டு இருக்கிறது. இதற்குப் பிறகு இருவரும் எழுதிய ஏழு கடிதங்களை நான் இங்கே சேர்க்கவில்லை. கல்லிடைக்குறிச்சித் தம்பி வென்றார் என்பது என் கருத்து. வள்ளியூர்க்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான்கு பேர், ஏறக்குறைய ஒரே சொற்களில்: எனக்கு எவ்வளவு பென்ஷன் வரும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: அக்னிவீரருக்கு?

ஊனப் பென்ஷன் கிடையாது. பணியால் வந்த ஊனத்துக்கு 100, 75, 50 விழுக்காடு என்ற படிகளுக்கு 44, 25, 15 இலட்சம் ரூபாய் ஒரே தடவையாகக் கிடைக்கும்.

நாங்குநேரி: என் தம்பி மத்திய ரிசர்வ் போலீசில் இருக்கிறான்...

அது உள்துறை. விதியும் வேறு, வாசலும் வேறு. அவர்கள் அலுவலகத்தில் கேளுங்கள்.

முக்கூடலிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 29 வயது. மனநோய் என்று போர்டு வைத்து அனுப்பிவிட்டார்கள். வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. திண்ணையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுவதில்லை. மருமகளை அவள் அண்ணன்மார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இளைய மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவனை விடுப்பில் வந்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். பென்ஷன் இன்னும் வரவில்லை. நான் பீடி சுற்றித்தான் வீடு ஓடுகிறது.

அக்கா, எட்டு மாத விடுப்பு எந்தப் பட்டாளத்திலும் இல்லை என்பது வரன் பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். மறைப்பதால் பெண்ணுக்கு நன்மை வருகிறதோ இல்லையோ, தான் மறைக்கப்பட வேண்டியவன் என்று அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டே இருக்கிறது. பத்தொன்பது இருபது வயதில் போனவனுக்கு எழுவதற்கு, உண்பதற்கு, உறங்குவதற்கு என்று எல்லாவற்றுக்கும் விசில் அடித்துச் சொல்ல ஆள் இருந்தது. அதை ஒரே நாளில் நிறுத்தி, கையில் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினால், நோய் இல்லாதவனும் சில மாதம் திண்ணையில்தான் உட்காருவான். உங்கள் மகனுக்கு நோயும் இருக்கிறது.

முதலில் மாத்திரை. குலதெய்வக் கோவிலுக்குக் கூட்டிப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்; ஆனால் அதற்காக மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் நிலைமை கைமீறினால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கேன்டீன் அட்டை வந்ததும் உறவினர்கள் பாட்டிலுக்காக அவனைத் தேடி வருவார்கள். அந்த அட்டை உங்கள் அரிசிப் பானைக்குள் இருக்கட்டும்.

மருமகளைக் குறை சொல்லாதீர்கள். அவளிடம் எவரும் நோயின் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். போர்டு தாள்களை எடுத்துக்கொண்டு நீங்களே போய், அவளையும் அவள் அண்ணன்மாரையும் உட்கார வைத்துக் காட்டுங்கள். பென்ஷன் வரவில்லை என்கிறீர்கள். மறுத்த கடிதமா, இன்னும் முடிவாகாத கோப்பா என்று தெரிய வேண்டும். மனச்சிதைவு நோயால் அனுப்பப்பட்ட ஒரு வீரரின் வழக்கில், போர்டு காரணம் எழுதியே தீர வேண்டும் என்று 2025 மே மாதத்திலும் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாள்களோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வாருங்கள். நாள் சொன்னால் நானும் வாசலில் நிற்பேன்.

மீண்டும் சேரன்மகாதேவிச் சகோதரி: நகலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், அண்ணாச்சி. இருவரும் சேர்ந்து படித்தோம். நோய் பற்றிய இடத்தில் காரணம் எதுவும் எழுதவில்லை. இன்னொன்று: என் பிறந்த தேதி அவருடைய பதிவில் ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருக்கிறது; இளையவன் பெயர் பதிவிலேயே இல்லை. இது பெரிய விசயமா?

மிகப் பெரிய விசயம். குடும்ப விவரங்களைப் பதிந்து யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் ஏறாத பிள்ளை, ரெக்கார்ட்ஸைப் பொறுத்தவரை பிறக்காத பிள்ளை. நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் குடும்பப் பென்ஷன் அந்தத் தேதியில்தான் முட்டி நிற்கும். ஊருக்கு வந்துவிட்டாலும் அவர் பெயர் இன்னும் யூனிட் பட்டியலில் இருக்கும்போதே திருமணச் சான்று, இளையவனின் பிறப்புச் சான்று, உங்கள் பள்ளிச் சான்று மூன்றின் நகல்களையும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டை அதற்கு அடுத்த வாரம் எழுதலாம். அதற்கு ஆறு மாதம் இருக்கிறது; இதற்கு அவர் பெயர் யூனிட் பட்டியலிலிருந்து நீங்கும் நாள் வரைதான்.