அப்பா ஏன் நின்று பதில் சொல்கிறார்?

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 77 வயது. காலையில் இருவரும் நடக்கப் போவோம். நான் ஏதாவது கேட்டால் சட்டென்று நின்றுவிடுகிறார். பதிலை முழுதாகச் சொல்லி முடித்த பிறகே அடுத்த அடி வைக்கிறார். “நடந்துகொண்டே சொல்லுங்களேன்” என்றால் கோபித்துக்கொள்கிறார். இது பிடிவாதமா, மறதி நோயின் தொடக்கமா?

— ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ‘நடந்துகொண்டே சொல்லுங்களே’னை விட்டுவிடுங்கள். அப்பா செய்வதுதான் சரி.

சுவீடனில் லுண்டின்-ஓல்சன் என்பவரும் சக ஆய்வாளர்களும் செய்த சிறு ஆய்வொன்று 1997-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேருடன் நடந்தபடி பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். ஒரு கருவியும் தேவைப்படாத சோதனை! ஆனால் நிற்காத 46 பேரிலும் 11 பேர் விழுந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேலும், அவர்கள் ஏற்கெனவே தளர்ந்தவர்கள்; தினமும் நடக்கப் போகிற உங்கள் அப்பாவுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

இளமையில் கால்கள் தம்பாட்டுக்கு நடக்கும். நாம் ஊர்வம்பு பேசலாம். வயதானால் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது, பார்வையும் உட்காதும் தரும் தகவல் தேய்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட, மூளையின் முன்பகுதி ஒவ்வோர் அடியையும் மேற்பார்க்க வேண்டியிருக்கிறது. சொல்லைத் தேடுவதும் கணக்குப் போடுவதும் அதே இடத்தை நம்பித்தான். இரண்டுக்கும் போதாதபோது எதையாவது நிறுத்த வேண்டும். அப்பா நடையை நிறுத்துகிறார். பார்க்கின்சன் (அசைவுகளைத் தளர்த்தும் மூளை நோய்) உள்ளவர்களில் பலர் நிறுத்துவதில்லை; பேச்சைக் காப்பாற்றப் போய் காலைக் கோட்டைவிடுகிறார்கள்.

எனக்கே சென்ற ஆண்டு பட்டது. கைப்பேசியில் பேசியபடி மாடியிறங்கி, கடைசிப் படியை ஏற்கெனவே இறங்கிவிட்டதாக நினைத்துக் காலை வைத்தேன். மூன்று வாரம் கணுக்காலில் கட்டு. கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே என்று பாட்டி சொன்னதைச் சகுனம் என்று சிரித்தவன் நான்.

மறதி நோயா என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காசுக் கணக்கு குழம்பினாலோ, பழகிய தெரு மறந்தாலோ மருத்துவரிடம் போங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார். பிறகு 100-லிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணிக்கொண்டே அதையே செய்யச் சொல்லலாம். இரண்டுக்கும் ஆகும் நேர வித்தியாசம் நிறையச் சொல்லும். இரத்த அழுத்த மாத்திரைகளையும் கண்ணாடியையும் கூடவே காட்டிவிடுங்கள்.

பயிற்சியும் உண்டு. ஜெனீவாவில் 134 முதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரம் ஒரு மணி நேரம் பியானோ இசைக்கேற்ப நடக்கவும் திரும்பவும் பழக்கினார்கள். 2011-இல் வெளியான முடிவுப்படி, அவர்கள் விழுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் இந்தப் பயிற்சியை, தடுமாறினால் பிடிக்க ஆள் நிற்கும் கூடத்தில் செய்ய வேண்டும், லாரி போகிற சாலையில் அல்ல.

நாளைக் காலை அப்பாவிடம் கேட்க ஏதாவது இருந்தால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கேளுங்கள்.