ரேடியோ அலை வெச்சு காத்துல இருக்கிற வைரஸை அழிக்க முடியுமா? நீங்க கேட்டதும் என் பதிலும்

சார், இந்த அலை வைரஸை சூடு பண்ணித்தான் கொல்லுதா? – வேளச்சேரி வாசகி

சூடு பண்ணாமலே முடியும்ங்கிறதுதான் மேடம் இதுல இருக்கிற அருமையான விஷயம். ஃப்ளூ வைரஸ் ஏறக்குறைய 100 நானோமீட்டர் உருண்டை, அதோட உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் சார்ஜ் வேற வேற, சரியான ஃப்ரீக்வென்ஸில அலை பட்டா ரெண்டும் எதிரெதிரா இழுபட்டு அதிர ஆரம்பிக்கும், ஊஞ்சலை அது ஆடுற தாளத்துக்கே தள்ளித் தள்ளி விட்டா எப்படி உயரமா போகுமோ அப்படி அதிர்வு ஏறி கடைசில உறை உடைஞ்சிடும். 2015ல தைவான் ஆராய்ச்சியாளர்கள் எச்3என்2ங்கிற ஒரு வகை ஃப்ளூ வைரஸ்ல இதை செஞ்சு காட்டினாங்க, சுமார் 8 கிகாஹெர்ட்ஸ்ல. ஆனா அது திரவத்துல இருந்த வைரஸ். இருமும்போது வர்ற துளி காத்துல காயும், சுருங்கும், உப்பு கூடும், அதனால அந்த நம்பரை அப்படியே காத்துக்கு தூக்கிட்டு வர முடியாது.

அப்ப வீட்டு வைஃபையே போதுமே? – அம்பத்தூர்

போதாது தம்பி. அந்த ஆய்வுல சதுர மீட்டருக்கு 82 வாட் குடுத்தும் சுமார் 38 சதவீதம்தான் செயலிழந்துச்சு, முழுசா அழிக்க 800 வாட்டுக்கு மேல தேவைப்பட்டுச்சு. 0.1 வாட் ரூட்டர்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்னா அந்த 82ல பத்தாயிரத்துல ஒரு பங்குதான் வரும், ஃப்ரீக்வென்ஸியும் வேற.

ஆன்லைன்ல ப்ளக்ல சொருகுற ‘அலை’ பாக்ஸ் விக்கிறாங்க, அம்மாவுக்கு ஆஸ்துமா, வாங்கட்டுமா?

தயவுசெஞ்சு வாங்காதீங்க. பொதுமக்கள் மேல உடம்பு முழுக்க படலாம்னு சர்வதேச வரம்பு சொல்றது சதுர மீட்டருக்கு 10 வாட்தான், அதுக்குள்ள அடங்குற பாக்ஸ் வைரஸை ஒண்ணும் பண்ணாது, அதைத் தாண்டினா அம்மா பக்கத்துலயே வைக்கக்கூடாது. அந்தக் காசுக்கு காத்துல இருக்கிற நுண்ணிய துகளை வடிகட்டுற நல்ல ஹெப்பா ஃபில்டர் வாங்குங்க.

மாஸ்க்கை மைக்ரோவேவ்ல வெக்கலாமா?

வேணாம். மூக்குக் கம்பி தீப்பொறி விடும்.

மயிலாப்பூர்ல சின்ன க்ளினிக் வெச்சிருக்கேன், வெயிட்டிங் ரூம் ஏசி போட்டு மூடியே இருக்கு. இந்த டெக்னாலஜி எப்ப வரும் டாக்டருங்களுக்கு?

என் அபிப்பிராயம், வந்தா ஏசி காத்து போற குழாயான டக்ட்டுக்குள்ள, சுத்தி உலோகம் மூடின இடத்துலதான் வரணும், ஆள் உக்காந்திருக்கிற ரூம்ல இல்ல. அதுவரைக்கும் காத்திருக்காதீங்க டாக்டர், ஸ்ப்ளிட் ஏசி உள்ள இருக்கிற காத்தையேதான் சுத்தி விடும், வெளிக்காத்து உள்ள வராது, அதனால ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு எதிர்பக்க ஜன்னலை கொஞ்சம் திறந்து வைங்க, மே மாச வெயில்ல கரன்ட் பில் ஏறும்தான். மணிக்கு அஞ்சு தடவையாவது ரூம் காத்து மாறணும், ஃபேன் வாங்கும்போது கடைக்காரர்கிட்ட ரூம் அளவு சொல்லி கேளுங்க.